ஒருநாள் செய்யாமல் இருந்தால்

"யோகா பண்ணித்தானுங் அந்தப் புள்ள பொழைச்சுது." எங்கள் சொந்தபந்தத்துக்குள் இப்படி ஒரு பேச்சு சில வருசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், எழவு வீட்டில் கேட்டிருக்கிறேன், சென்னிமலைத் தேருக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் நல்ல மனசோடு பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் புள்ள என் அக்கா மகள். 19 வயதில் அவளுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் வந்தது, கீமோவில் சரியானது. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். அவளைப் பிழைக்க வைத்தது எது என்று பந்தியில் உட்கார்ந்து யாரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவளை என்ன பாடு படுத்தியது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். "கல்யாணத்துக்காகச் சொல்லலீங் மாமா. எனக்கே வேண்டாம்."

நோய்க் கதையை நீட்டப் போவதில்லை. கழுத்தில் வலியில்லாத ஒரு வீக்கம். நெறிகட்டு என்று எங்கம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார். கரையவில்லை. கோவையில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகிற வகை இது, இளவயதுக்காரர்களுக்கு அதிகம் வருகிற வகையும்கூட என்று டாக்டர் சொன்னார். டாக்ஸோரூபிசின், பிளியோமைசின், வின்பிளாஸ்டின், டக்கார்பசின் என்று நான்கு மருந்து, 15 நாளைக்கு ஒருமுறை. முதல் மருந்து நல்ல சிவப்பு. ஏற்றிய அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முடி கொட்டியது, முளைத்தது. முடிவில் எடுத்த பெட் சிடி ஸ்கேனில் நோய் இல்லை. என் மச்சான் பங்குனியில் பண்ணாரிக்குப் போய்க் குண்டம் இறங்கிவிட்டு வந்தார். வீட்டில் எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டோம்.

அப்புறம் வந்ததுதான் யாருக்கும் பிடிபடவில்லை. சிகிச்சை நடந்த மாதங்களில் அவள் திடமாக இருந்தாள். எங்களுக்கெல்லாம் அவள்தான் தைரியம் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு பயந்தாள். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. 15 நாளைக்கு ஒருமுறை ஒரு டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் அந்தக் கழுத்து அவர்கள் பொறுப்பு. "இனி மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொன்னதும் அந்த மூன்று மாதமும் கழுத்து அவள் பொறுப்பாகிவிட்டது. பல் தேய்க்கும்போது ஒருமுறை, சோப்புப் போடும்போது ஒருமுறை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒருமுறை என்று விரல் அங்கே போய்விடும். இந்த நோய்க்கு ராத்திரியில் உடுப்பு நனைய வேர்ப்பதும் ஓர் அறிகுறி. சித்திரை மாதத்தில் ஈரோட்டுப் பக்கம் கரண்ட் போனால் யாருக்குத்தான் வேர்க்காது? அவள் எழுந்து உட்கார்ந்து, இது வெக்கையில் வந்த வேர்வையா, இல்லை அதுவா என்று யோசித்துக்கொண்டிருப்பாள். பயந்தாலும் வேர்க்கும் என்பதுதான் இதில் கொடுமை. விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.

பரிசோதனைக்குக் கோவைக்கு நான்தான் காரில் கூட்டிப்போவேன். விஜயமங்கலம் சுங்கச்சாவடி தாண்டும்போதே அவளுக்குக் கை சில்லிட்டுவிடும். நீலாம்பூர் வந்தால் வாயில் புளித்தண்ணீர் ஊறும், வண்டியை ஓரம் கட்டச் சொல்வாள். மருந்து நின்று வருசம் ஒன்று ஆன பிறகும் இப்படி. அந்த ரோட்டையும், மருத்துவமனை வராண்டாவின் கிருமிநாசினி வாசத்தையும் உடம்பு குமட்டலோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டது. கீமோ எடுத்தவர்களில் பலருக்கு இது நடக்கிறது. 1980-களிலேயே உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி இந்தக் குமட்டலைக் குறைப்பதைக் கண்டிருக்கிறார்கள். எங்களிடம் அப்போது யாரும் அதைச் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தோம்.

ஸ்கேன் அறையில் பயம் தெரிந்த விதம்

மனசுக்கும் உடம்புக்கும் தொடர்பு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சலிப்பு வரும். நான் பெட்ஷீட் வியாபாரம் செய்கிறவன், நூல் விலையும் சாயப் பட்டறைப் பாக்கியும்தான் எனக்குத் தெரிந்த மன அழுத்தம். என்னை மாற்றியது அவளுடைய அந்தக் கடைசி ஸ்கேன்.

பெட் சிடி எடுத்தவர்களுக்குத் தெரியும். குளுக்கோஸ் மாதிரியான ஒரு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அரையிருட்டான அறையில் படுக்க வைப்பார்கள். பேசக்கூடாது, போன் நோண்டக்கூடாது, வாயில் எதையும் மெல்லக்கூடாது. காரணம், வேலை செய்கிற தசை அந்த மருந்தை இழுத்துக்கொள்ளும், படத்தில் அந்த இடம் மினுங்கும். பயத்தில் தோளையும் கழுத்தையும் இறுக்கிக்கொண்டு படுத்திருந்தால் அந்தத் தசைகளும் படத்தில் விழலாம். அது போக, பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று நம் எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கிறது. குளிரும்போது உடம்பைச் சூடேற்றுவது அதன் வேலை. ஒல்லியான இளவயதுக்காரர்களுக்குக் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலேயும் இது கூடுதல். குளிரில் அதைத் தட்டி எழுப்புகிற அதே நரம்புகள்தான் பயத்தில் நெஞ்சையும் படபடக்க வைக்கின்றன. அதனால் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கழுத்து, நோய் எதுவும் இல்லாமலேயே படத்தில் பளிச்சென்று தெரியக்கூடும். ஸ்கேன் எடுக்கிற இடங்களில் கம்பளி கொடுப்பது உபசாரத்துக்காக மட்டும் இல்லை.

அவளுக்கு எடுத்தது மார்கழிக் காலையில். அறைக்குள் ஏசி வேறு. அறிக்கையில், கழுத்தின் இரண்டு பக்கமும் தெரிவது பழுப்புக் கொழுப்பு என்று ஒரு வரி இருந்தது. நோய் இல்லை என்று எழுதிய வரியை விட்டுவிட்டு நாங்கள் மொத்தக் குடும்பமும் இந்த வரியைப் பிடித்துத் தொங்கினோம். டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். "குளுருச்சாம்மா? பயந்தியா? ரெண்டும் தெரியுது பாரு. வேற ஒண்ணும் இல்ல." ஒரு பெண்ணின் பயத்தைப் படம் பிடித்து, கலரில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் மனசு வேறு உடம்பு வேறு என்று நான் வாதாட முடியுமா? அந்த ஒரு மணி நேரத்துக்காகவாவது, ஊசி போடுவதற்கு முன்பே எல்லாருக்கும் உடம்பைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

விட்டுறாத கண்ணு

கொங்குப் பக்கத்தில் இதற்கெல்லாம் வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை. பொள்ளாச்சிக்கு அந்தப்பக்கம் ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் யோகா மையமான அறிவுத் திருக்கோயில் 1980-களில் இருந்து இருக்கிறது. அவருடைய மனவளக்கலை யோகா வகுப்பு இல்லாத ஊரை எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணலாம். அவர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், அதனால் தறிக்காரர்களான எங்களுக்கு ஒரு கூடுதல் ஒட்டுதல். விடிகாலையில் மஞ்சள் மண்டிக்காரரும் ரிட்டயர்டு வாத்தியாரும் ஒரே ஜமக்காளத்தில் படுத்து மகராசனம் செய்வது இங்கே யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. மருத்துவமனையில் 'ரிலாக்சேஷன்' என்று சொன்னால் மிரளுகிற அப்பத்தா, "வாழ்க வளமுடன்" என்று கும்பிட்டால் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். இது பெரிய வசதி என்று நான் நினைக்கிறேன்.

அக்கா மகள் போனது பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சரம்மா மொட்டைமாடியில் தனியாக நடத்திய வகுப்பு. அவர் கெட்டிக்காரர். நோயைப் பற்றி ஒரு வாக்கும் தரவில்லை. முதல் நாளே, டாக்டரைக் கேட்டு எழுதி வாங்கி வா என்று அனுப்பிவிட்டார். பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது, டாக்ஸோரூபிசின் இதயத்தை. மூச்சுத் திறனையும், இதயத்துக்கு எடுக்கிற எக்கோ ஸ்கேனையும் பார்த்துவிட்டு, மெதுவாக மூச்சு விடுவதற்குத் தடையில்லை, கபாலபதி போன்ற வேகமான பயிற்சிகள் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவதுதான் அந்த வகுப்பில் பிரதானம். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், நாடி பிடித்துக்கொண்டு விட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். மெல்ல அவளுக்குத் தூக்கம் வந்தது. சாப்பாடு இறங்கியது. நீலாம்பூரில் வண்டியை நிறுத்தச் சொல்வதும் குறைந்தது.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சுபம். சொந்தக்காரர்கள் விடவில்லை. "பாத்தியா, முகத்துல தெளிச்சி வந்துருச்சு. விட்டுறாத கண்ணு. இதைப் பண்ற வரைக்கும் அது கிட்டவே வராது." ஒருவர் சொன்னார், இன்னொருவர் ஆமோதித்தார். அப்புறம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது: மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022-இல் வெளியிட்ட ஆய்வு, யோகா செய்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்புவது குறைவு என்று. அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது மார்பகப் புற்றுநோய் வந்த 850 பெண்களிடம், அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாவற்றோடும் சேர்த்து யோகா கொடுத்துப் பார்த்தது. லிம்போமா வந்த ஒரு கல்லூரிப் பெண்ணைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வாட்ஸப்பில் இந்த வித்தியாசமெல்லாம் தங்காது. தங்கியது ஒரே வரி: செய்தால் வராது.

செய்தால் வராது என்றால் செய்யாவிட்டால்? இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நாலரை மணிக்கு அலாரம். மூச்சு எண்ணிக்கை நடுவில் தவறினால் முதலில் இருந்து. யாராவது கதவைத் தட்டிவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து. அரைமணி நேரம் ஒரு மணி நேரமானது, ஒன்று ஒன்றரையானது. அக்கா பெருமைப்பட்டாள். காங்கேயத்தில் ஒரு கல்யாணம், முகூர்த்தம் விடியலுக்கு முன்னால். முந்தின ராத்திரியே போய் மண்டபத்தில் தங்கியிருந்தோம். சீர் நடந்துகொண்டிருக்கும்போது இவளைக் காணோம். மண்டபத்துப் பின்பக்கம், சமையல் பாத்திரம் கழுவுகிற இடத்தில், பட்டுப்புடவையோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மயக்கமா என்று கேட்டேன். "இன்னைக்குப் பண்ணலீங் மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

குண்டம் இறங்குவதாக வேண்டிக்கொண்ட மச்சான் ஒருநாள் இறங்கினார், கடன் தீர்ந்தது. இவளுக்கு விதித்த நேர்த்திக்கடன் தினமும் விடிந்தால் புதிதாகத் தொடங்கியது. தீர்க்கிற நாள் என்று ஒன்று அதற்கு இல்லை.

"நாளைக்குப் பண்ணாதே"

கோவையில் வேறொரு மருத்துவமனையில், புற்றுநோய்ப் பிரிவுக்கு உள்ளேயே ஓர் உளவியலாளர் உட்காருவதாகக் கேள்விப்பட்டுக் கூட்டிப்போனேன். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது கருமத்தம்பட்டி வரைக்கும் அவள் வாயே திறக்கவில்லை. கோபம் என்று தெரிந்தது. அப்புறம் வெடித்தாள்.

"அந்தம்மா நாளைக்குப் பண்ண வேண்டாம்ங்கறாங்க மாமா."

"எதை?"

"யோகாவை. மூச்சுப் பயிற்சியை. எல்லாத்தையும். வேணும்னே விடணுமாம். விட்டுட்டு என்ன ஆவுதுன்னு எழுதிட்டு வரணுமாம்."

நானும் திகைத்துத்தான் போனேன். பயத்தைக் குறைக்கக் கூட்டிப்போன இடத்தில், பயத்தைக் குறைத்த ஒன்றை விடச் சொல்கிறார்களே என்று. அவள் சொன்னதை வைத்து நான் புரிந்துகொண்டது இது. பூட்டிய கதவை ஐந்து தடவை இழுத்துப் பார்க்கிறவருக்கு, இழுத்துப் பார்த்ததால்தான் திருடன் வரவில்லை என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். இழுக்காமல் ஒரு ராத்திரி தூங்கினால் ஒழிய அந்தக் கணக்கு பொய் என்று தெரியாது. இவளுடைய பயிற்சியும் அப்படி ஆகிவிட்டிருந்தது. "பயத்தைக் குறைக்கறதுக்குப் பண்றதும் பயத்துனால பண்றதும் வெளிய இருந்து பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றாராம் அந்தம்மா. எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு என் வியாபாரத்தில் நான் செய்கிற சில காரியங்களைக்கூட வேறு மாதிரி பார்க்கிறேன், அது தனிக் கதை.

வீட்டில் ரகளை. அக்கா, "எந்த ஊர் டாக்டர் யோகாவை நிறுத்தச் சொல்லுவாங்க?" என்று கேட்டாள். மச்சான் பேசவில்லை, பேசாமல் இருப்பது அவர் பாணி. வழி விட்டவர் எங்கம்மா, அவளுக்கு அம்மாயி. எங்கம்மா தினமும் விளக்கு வைத்ததும் கந்த சஷ்டி கவசம் சொல்கிறவர். சென்னிமலையில்தான் அது அரங்கேறியது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை, அந்தப் பெருமையும் அவருக்கு உண்டு. "நா கவசம் சொல்லாம எத்தனை நாள் தூங்கிப் போயிருக்கறேன். காய்ச்சல்ல கெடந்தப்ப மாசக்கணக்குல சொல்லல. முருகன் என்ன கணக்குப் புள்ளையா, வராத நாளுக்குச் சம்பளம் புடிக்கறதுக்கு?" என்றார். அக்கா வாயடைத்துப் போனாள்.

மறுநாள் நாலரைக்கு அலாரம் அடிக்கவில்லை. அவள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாளாம். ஆறு மணிக்கு எழுந்து வாசல் கூட்டினாள், பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரத்தையே இன்னொருமுறை கழுவினாள். எட்டு மணி வாக்கில் எனக்குப் போன் செய்து, நெஞ்சு அடைக்கிறது என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் அந்தம்மாவுக்கே பேசிவிட்டிருந்தாள். அவர் பயிற்சி எதையும் செய்யச் சொல்லவில்லை, நெஞ்சு எவ்வளவு நேரம் அடைக்கிறது என்று கடிகாரம் பார்க்கச் சொன்னாராம். மலை ஏறுவது போல ஏறி, முக்கால் மணி நேரத்தில் தானாக இறங்கியது. அதன் பிறகு வந்த பசியில் நாலு தோசை சாப்பிட்டாள். சாயங்காலம் நோட்டில் ஒரே வரி எழுதியிருந்தாள்: ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் ஒருநாள் விடச் சொன்னார்கள், அதற்கடுத்த வாரம் இரண்டு நாள், அதுவும் எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லாமல். இந்த இழுபறி சில மாதம் நடந்தது. நடுவில் ஒரு தடவை பின்னுக்கும் போனது, தூரத்துச் சொந்தத்தில் ஒருவருக்கு நோய் திரும்பியதாகச் செய்தி வந்த வாரம் அது.

கழுத்தை விட்டுவிட்டு

பயிற்சியை அந்தம்மா முழுசாகக் கைவிடச் சொல்லவில்லை. பிரித்துப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தார். அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் 1979-இல் நாள்பட்ட வலிக்காரர்களுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி இன்று உலகம் முழுக்கப் புற்றுநோய் மருத்துவமனைகளில் பல வடிவங்களில் நடக்கிறது. மைண்ட்ஃபுல்னஸ் என்று ஆஸ்பத்திரிகளில் சொல்வது பெரும்பாலும் அதன் வழிவந்ததுதான். படுத்துக்கொண்டு கால் விரலில் இருந்து தலை வரைக்கும் கவனத்தை நகர்த்துவது அதில் ஒரு பாடம். சாதாரண ஆட்களுக்குச் சொக்கிக்கொண்டு வரும். இவளுக்குக் கவனம் அக்குளுக்கும் கழுத்துக்கும் வந்ததும் உடம்பு கல்லாகிவிடும், ஏனென்றால் அந்த இடத்தில் கவனம் வைப்பது என்றாலே கட்டி தேடுவது என்றுதான் அவள் உடம்பு பழகியிருந்தது. அதனால் பாதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். பாதம், உள்ளங்கை, அப்புறம் காதில் விழுகிற சத்தம். எங்கள் வீட்டில் சத்தத்துக்கு என்ன குறை, பக்கத்தில் விசைத்தறி ராத்திரி பகலாக ஓடுகிறது. அமைதியான இடத்தில்தான் தியானம் கைகூடும் என்கிறவர்களுக்கு, அவள் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கக் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். பாதத்தில் இருந்து முழங்கால், இடுப்பு என்று கவனத்தை மேலே ஏற்ற ரொம்ப நாள் பிடித்தது. கழுத்துக்கு வந்தபோது அவள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். கவசத்தில் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி வேல் காக்கட்டும் என்று வரும் அல்லவா, அம்மாயி சொல்வதைக் கேட்டுக்கொண்டே கூடப் போனாளாம். கழுத்து வந்தது, போனது. தேடுவதற்கு நேரம் கொடுக்காமல் பாட்டு அடுத்த உறுப்புக்குப் போய்விடுகிறது. உளவியலாளரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, தாராளமாகச் செய் என்றாராம்.

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கி விடுவது இன்னொன்று. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் உருவாக்கியது. கை முட்டியை இறுக்கி, சில விநாடி பிடித்து, பட்டென்று விடுவது, அப்படியே தோள், முகம், கால். எங்கே இறுக்கம் இருக்கிறது என்றே தெரியாதவர்களுக்கு இது லாயக்கு. விஜயமங்கலத்தில் ஆரம்பித்தால் நீலாம்பூருக்குள் ஒரு சுற்று முடியும். ஓட்டுகிற எனக்கும் தோளை இறக்கிக்கொள்ளும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

இதெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, அளவோடு. 2023-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியலுக்கான சங்கமும் சேர்ந்து பெரியவர்களுக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டன. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிகளைச் சிகிச்சையின்போதும் முடிந்த பிறகும் கொடுக்கலாம் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. யோகா, தளர்ச்சிப் பயிற்சி, இசை, தாய்ச்சி என்கிற சீனத்து உடற்பயிற்சி போன்றவற்றுக்கும் இடம் உண்டு, கொஞ்சம் அடுத்த வரிசையில். ஆனால் ஆய்வுகளில் பெரும்பகுதி மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களிடம் நடந்தவை. 15-க்கும் 39-க்கும் இடைப்பட்ட வயதுக்காரர்களைத் தனியாக எடுத்துச் செய்தவை குறைவு. இந்த வயதின் பயங்களோ தனி ரகம். கல்லூரியில் விட்ட பாடம், வேலைக்கான மருத்துவச் சான்று, ஜாதகம், குழந்தை. ஐம்பது வயது அம்மாவோடு ஒரே வட்டத்தில் உட்கார்ந்து இவள் எதைப் பேசுவாள்? இவளைப் போன்றவர்களுக்கு மட்டும் ஒரு குழு நடந்தபோதும், "யாராவது பாத்துட்டாங்கன்னா?" என்று அக்கா தடுத்துவிட்டாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

குழு வேறு வழியில் கிடைத்தது. எங்கள் பக்கம் இப்போது வள்ளி கும்மி அலை அடிக்கிறது. ஆண்கள் மட்டும் ஆடிய காலம் போய், கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயா போன்றவர்கள் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து, அவருக்கு 2024-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. சித்தப்பா மகள் கூப்பிட்டாள் என்று இவளும் போனாள், எக்கோ ஒருமுறை பார்த்துவிட்டு. ஆரம்பத்தில் மேல்மூச்சு வாங்கியது, ஓரமாக உட்கார்ந்து உட்கார்ந்து ஆடினாள். ஒரே மாதிரி சேலையில் நூறு பெண்கள் சுற்றி வரும்போது எது அவள் என்று எனக்கே தெரியவில்லை. அடி தப்பினால் பக்கத்தில் இருக்கிறவள் இடுப்பில் கிள்ளுகிறாள், அவ்வளவுதான் தண்டனை. கும்மிக்குப் போகாத வாரங்களில் அவளுக்கு எந்தப் பதற்றமும் வந்ததில்லை. கும்மி அடித்தால் நோய் வராது என்று எங்கள் சொந்தத்தில் இதுவரை யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

அண்மையில் தாராபுரத்துப் பக்கம் இருந்து நூல் வாங்க வந்த ஒருவர், தன் மகனுக்கு ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்ததாகவும், பையன் ராத்திரியெல்லாம் விழித்திருப்பதாகவும் சொன்னார். எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று கேட்டார். மூச்சோ ஆசனமோ எதுவானாலும் முதலில் அவன் டாக்டரிடம் கேளுங்கள் என்றேன், ரத்தத் தட்டணு எண்ணிக்கை, எலும்பின் பலம், கையிலோ நெஞ்சிலோ குழாய் இன்னும் இருக்கிறதா என்பதெல்லாம் பார்க்க வேண்டும். அப்புறம், வீட்டில் யாரும் அவனிடம் "இதைப் பண்ணினா வராது" என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் முகம் சுருங்கி, "நம்பிக்கை கொடுக்க வேண்டாமுங்களா?" என்று கேட்டார். கொடுங்கள், டாக்டர் கொடுத்த அளவுக்குக் கொடுங்கள் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை என்று தெரிந்தது. அக்கா மகளின் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று அவளைக் கேட்டேன், பையனுக்கு மட்டும் கொடுங்கள், அப்பாவுக்கு வேண்டாம் என்றாள்.

அவளுக்குப் பரிசோதனை இப்போது வருசத்துக்கு ஒருமுறை. இந்தத் தடவை ஆடியில் வருகிறது. ஆடியில் எதற்கு, ஆவணிக்குத் தள்ளிப் போடு என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். ஆடியில்தான் ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்காது, பாதி நாள் லீவு போட்டால் போதும் என்று இவள் பதிவு செய்துவிட்டாள். வண்டி ஓட்ட வரட்டுமா என்று கேட்டதற்கு, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன், நீங்கள் சாயப் பட்டறைப் பாக்கியைப் போய் வசூல் பண்ணுங்கள் என்கிறாள்.